பட்டை இல்லாத பந்தும் ஐந்து கேட்சுகளும்

நியூ ஜெர்சியில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஆதரிக்கும் அமெரிக்கக் கால்பந்து அணியில் புதிதாக வந்திருக்கும் வைட் ரிசீவர் முதல் ஆட்டத்திலேயே பின்னி எடுத்துவிட்டாராம். “விளையும் பயிர் முளையிலே தெரியும், இவன் பெரிய ஆளா வருவான்” என்பது வாசகரின் கட்சி. அவருடைய மச்சானோ, பயிற்சி ஆட்டங்களில் அதே பையன் பந்தை நழுவவிட்டதை மறக்கவில்லை. “முதல் கோணல் முற்றும் கோணல், பொறுத்திருந்து பாருங்க” என்கிறார். வீட்டில் இரண்டு பழமொழிகளும் மோதிக்கொள்கின்றன, அறிவியல் யார் பக்கம் என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு 2021-லேயே ஓர் அருமையான சோதனை நடந்திருக்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது ஆட்டத்தைவிட அந்த ஆட்டக்காரர் சொன்ன ஒரு விளக்கம்தான். ஊரே சிரித்த விளக்கம் அது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு மட்டும்: குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை எறிவார், வைட் ரிசீவர் எதிரணிக்காரரைத் தாண்டி ஓடிப்போய் அதைப் பிடிப்பார். பிடித்த பிறகும் ஓடலாம். எத்தனை கெஜம் முன்னேறினார் என்பதுதான் கணக்கு. எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய்விட்டால் டச்டவுன். இப்போதைக்கு இது போதும்.

2021 டிராஃப்டில், அதாவது அணிகள் வரிசைப்படி புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி ஐந்தாவது இடத்தில் ஜமார் சேஸ் என்ற ரிசீவரைத் தேர்ந்தெடுத்தது. அணியின் குவார்ட்டர்பேக் ஜோ பரோவுக்கு முந்தைய ஆண்டு முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அதனால் அவரைக் காக்க ஒரு தடுப்பாளரை எடுக்காமல் ரிசீவரை எடுத்துவிட்டார்களே என்று ரசிகர்களில் பலருக்கு ஆதங்கம். சேஸும் பரோவும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆடியவர்கள். 2019 பருவத்தில் சேஸ் 1,780 கெஜம், 20 டச்டவுன் எடுத்திருந்தார். கொரோனா காரணமாக 2020 பருவத்தில் ஆடவே இல்லை. ஆக, 2020 ஜனவரிக்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆட்டக் களத்தில் அவர் கையில் பந்தே படவில்லை.

ஆகஸ்டில் பயிற்சி ஆட்டங்கள் தொடங்கின. வாஷிங்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மூன்று பந்துகள் அவர் கையில் பட்டு நழுவின. காரணம் கேட்டபோது சேஸ் சொன்னது இதுதான்: தொழில்முறைப் பந்து கொஞ்சம் பெரியது. கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைப் பட்டை இதில் கிடையாது. பந்து வருவதைக் கண்ணால் பிடிப்பது கடினமாக இருக்கிறது, தையல் கயிற்றைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆடத் தெரியாதவன் மேடையைக் குறை சொன்னானாம் என்று நம் ஊரில் சொல்வோமே, அதே தொனியில் அமெரிக்காவே அவரைக் கிண்டல் செய்தது. எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. அவர் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று அவ்வளவு முக்கியமில்லாதது, இன்னொன்று பார்வை அறிவியலின் நடுமையத்தைத் தொடுவது. எது எது என்று பார்ப்போம்.

முதலில் அளவு. விதிப்படி தொழில்முறைப் பந்தின் இடுப்புச் சுற்றளவு 21 முதல் 21.25 அங்குலம். கல்லூரிப் பந்துக்கு 20.75 முதல் 21.25 வரை அனுமதி உண்டு. மிகச் சிறிய கல்லூரிப் பந்தையும் மிகப் பெரிய தொழில்முறைப் பந்தையும் அருகருகே வைத்தாலும் விட்டத்தில் வித்தியாசம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். விரல்களுக்கு அது தெரியும், கண்ணுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் அழகு இருக்கிறது.

பந்து உங்களை நோக்கி வருகிறது. அது எப்போது கைக்கு வந்து சேரும் என்று மூளைக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த வழி, தூரத்தை வேகத்தால் வகுப்பது. ஆனால் கண்ணுக்குத் தூரமும் நேராகத் தெரியாது, வேகமும் நேராகத் தெரியாது. கண்ணுக்குள் விழுவது ஒரு பிம்பம் மட்டும்தான். அது பெரிதாகிக்கொண்டே வருகிறது.

அந்தப் பிம்பத்தை எண்களோடு பார்க்கலாம். பந்தின் மூக்கு உங்களை நோக்கியிருந்தால் தெரிவது சுமார் 17 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். 20 மீட்டர் தூரத்தில் அது கண்ணில் ஏறக்குறைய அரை டிகிரி கோணத்தை அடைக்கும். பௌர்ணமி நிலா வானத்தில் அடைப்பதும் அதே அரை டிகிரிதான். அதாவது 20 மீட்டரில் இருக்கும் அந்தப் பந்து முழு நிலா அளவு தெரியும். பந்துக்கும் உங்களுக்கும் இடையிலான தூரம் நொடிக்கு 20 மீட்டர் வீதம் குறைவதாக வைத்துக்கொள்ளுங்கள், பந்து வந்து சேர இன்னும் 1 நொடி. 10 மீட்டரில் பிம்பம் 1 டிகிரி, மீதி நேரம் அரை நொடி. 5 மீட்டரில் 2 டிகிரி, மீதி கால் நொடி.

இப்போது பிம்பம் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பாருங்கள். 20 மீட்டரில் அது நொடிக்கு அரை டிகிரி வீதம் வளர்கிறது. 10 மீட்டரில் நொடிக்கு 2 டிகிரி. 5 மீட்டரில் நொடிக்கு 8 டிகிரி. பிம்பத்தின் அளவை அதன் வளர்ச்சி வேகத்தால் வகுத்துப் பாருங்கள். அரையை அரையால் வகுத்தால் 1. ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை. இரண்டை எட்டால் வகுத்தால் கால். மீதமிருக்கும் நேரம் அப்படியே வந்து நிற்கிறது!

தூரம் தெரிய வேண்டாம், வேகம் தெரிய வேண்டாம், பந்தின் உண்மையான அளவுகூடத் தெரிய வேண்டாம். பந்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பிம்பமும் இரண்டு மடங்காகும், அதன் வளர்ச்சியும் இரண்டு மடங்காகும், வகுத்தால் அதே விடைதான் வரும். ரிசீவர் தானும் ஓடிக்கொண்டிருக்கிறாரே என்றால், அந்த ஓட்டமும் பிம்பத்தின் வளர்ச்சியிலேயே அடங்கிவிடுகிறது, தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. இதை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு கையை முகத்தை நோக்கிக் கொண்டுவந்து கொண்டுவந்து பார்த்தேன்.

இந்த விகிதத்துக்கு டௌ என்று பெயர். எடின்பரோவில் பணியாற்றிய உளவியலாளர் டேவிட் லீ 1976-இல் காரோட்டிகள் பிரேக் பிடிப்பதை விளக்க இதைப் பயன்படுத்தினார். 1981-இல் அவரும் ஒரு சகாவும் கேனட் என்ற கடற்பறவையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். மீனைப் பார்த்ததும் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாயும் பறவை அது. தண்ணீரில் மோதுவதற்குச் சற்று முன்பு சிறகுகளைப் பின்னால் மடக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எலும்பு முறிந்துவிடும். அது மடக்கும் தருணம் டௌ கணக்கோடு பொருந்தியது. அப்புறம் 1998-இல் கனடாவில் ஹாங்ஜின் சன், பாரி ஃப்ராஸ்ட் இருவரும் புறாவின் மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். ஒரு பொருள் மோத வரும்போது, அதன் அளவும் வேகமும் எப்படி இருந்தாலும், மோதலுக்கு முன் ஒரு குறிப்பிட்ட நேரம் மீதமிருக்கும்போது துடிக்கத் தொடங்கும் நரம்பணுக்கள் அங்கே இருந்தன. வகுத்தல் கணக்குப் போடும் நரம்பணு!

புறா மூளைக்குள் மின்முனை வைக்க எதற்கு மக்கள் வரிப்பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. தானாகப் பிரேக் பிடிக்கும் கார் வேண்டும், முதியவர்கள் சாலையைக் கடக்கும்போது ஏன் தவறாகக் கணிக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றால் அந்தப் பாதை புறாவின் வழியாகவும் போகிறது. இந்தியாவில் ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்துக்கும் குறைவு. “இதனால் என்ன பயன்” என்று கேட்டுக் கேட்டே அதையும் குறைத்துவிடுவோமோ என்பது என்னுடைய உண்மையான கவலை.

சரி, பட்டைக்கு வருவோம். டௌ கணக்கில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பிம்பம் பெரிதாவது பந்து நெருங்குவதால் மட்டுமே நிகழ வேண்டும். கிரிக்கெட் பந்து உருண்டை, எப்படித் திரும்பினாலும் அதே வட்டம்தான். அமெரிக்கக் கால்பந்து அப்படியில்லை. மூக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் 17 சென்டிமீட்டர், பக்கவாட்டில் பார்த்தால் 28. நன்றாக எறிந்த பந்து நொடிக்குச் சுமார் பத்துச் சுற்று வீதம் பம்பரம் மாதிரிச் சுழன்று மூக்கு நிலையாக வரும். சற்றே தள்ளாடினால் மூக்கு ஒருபக்கம் திரும்பி, நெருங்காமலேயே பிம்பம் அகலமாகும். மூளை அதை நெருக்கம் என்று எடுத்துக்கொண்டால் விரல்கள் சீக்கிரமே மூடிக்கொள்ளும். சுழலும் நீள்வடிவப் பொருள்களின் வருகை நேரத்தைக் கணிப்பதில் மனிதர்கள் தவறுகிறார்கள் என்பதை ராப் கிரே, டேவிட் ரீகன் இருவரும் 2000-இல் சோதனை செய்தே காட்டியிருக்கிறார்கள்.

கல்லூரிப் பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் துருத்திய பழுப்புத் தோல், நான்கு துண்டுகளாகத் தைத்தது. கயிற்றுத் தையலுக்கு இரண்டு பக்கமும் உள்ள துண்டுகளில் மட்டும், நுனியிலிருந்து சுமார் மூன்று அங்குலம் தள்ளி, ஓர் அங்குல அகலத்தில் வெள்ளைப் பட்டை. முழு வளையம் இல்லை, அரை வளையம். மூக்கு நேராக உங்களை நோக்கி வந்தால் அந்த அரை வளையம் மையத்தைச் சுற்றிச் சீராகச் சுழல்வது தெரியும். மூக்கு திரும்பினால் வளையத்தின் மையம் விலகும். ஆகவே பந்து திரும்புவதையும் நெருங்குவதையும் கண் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள ஓர் அடையாளம் கிடைக்கிறது. வெள்ளை என்பதால் பின்னணியிலிருந்து எடுத்தும் தெரியும். பின்னணியோடு கலந்து மங்கலாகத் தெரியும் பொருள் உண்மையைவிட மெதுவாக நகர்வதாகத் தோன்றும் என்பதும் பார்வை ஆய்வில் நன்கு அறியப்பட்ட விஷயம்.

கண்ணிலிருந்து தசைக்குச் செய்தி போய்ச்சேர 0.1 முதல் 0.2 நொடி ஆகிறது. அதற்குள் பந்து 2 முதல் 4 மீட்டர் வந்துவிடும். கடைசி நேரத்தில் திருத்திக்கொள்ள வழியே இல்லை. பல வருடங்களாக வெள்ளைப் பட்டையை வைத்துப் பழகிய கண்ணுக்கு அந்த அடையாளத்தை எடுத்துவிட்டால் விரல் மூடும் தருணம் தப்பத்தான் செய்யும். பட்டை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், நீண்ட இடைவெளிக்கும் பங்கு உண்டு. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. நூற்றில் ஐந்தை நழுவவிடும் ஒருவர் அடுத்தடுத்து மூன்றை நழுவவிட 8,000-இல் 1 வாய்ப்புதான். ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கிறது, அதுவும் பழகினால் சரியாகிவிடும் காரணம். அதைப் பிறவிக் குறையாகப் பார்த்ததில்தான் ரசிகர்கள் தவறினார்கள்.

2021 செப்டம்பர் 12, மின்னசோட்டா வைக்கிங்ஸுடன் சேஸின் முதல் ஆட்டம். 5 கேட்ச், 101 கெஜம், 1 டச்டவுன். முதல் பாதி முடியும் தறுவாயில் பிடித்த ஒரே பந்தில் 50 கெஜம். பெங்கால்ஸ் கூடுதல் நேரத்தில் 27-24 என வென்றது. கிண்டல் செய்த வாய்களே அன்று மாலை அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடின.

இங்கேதான் வாசகரின் பழமொழியையும் நான் நிறுத்தி வைக்கிறேன். அந்த ஒரு பந்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 4 கேட்ச், 51 கெஜம், யாரும் திரும்பிப் பார்க்காத எண்ணிக்கை. ஹூஸ்டன் டெக்சன்ஸின் வில் ஃபுல்லர் 2016 செப்டம்பரில் தன் முதல் ஆட்டத்தில் எடுத்தது 5 கேட்ச், 107 கெஜம், 1 டச்டவுன். அச்சில் வார்த்தது போல கிட்டத்தட்ட அதே எண்கள். அந்தப் பருவம் முழுவதுமாக அவர் எடுத்தது 635 கெஜம். காயங்கள் துரத்தின, எந்தப் பருவத்திலும் ஆயிரத்தைத் தொடவில்லை. சேஸோ அறிமுகப் பருவத்திலேயே 1,455 கெஜம், 13 டச்டவுன். 2022 ஜனவரி 2 அன்று கான்சாஸ் சிட்டிக்கு எதிராக மட்டும் 266 கெஜம், அறிமுக வீரர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் எடுத்த சாதனை அது. முளை ஒன்று போலவே இருந்தது, பயிர் வேறாகிவிட்டது.

சிறிய எண்ணிக்கையை எப்படிக் கையாள்வது என்பதற்குப் புள்ளியியலாளர்கள் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும் 1970களில் ஒரு வழி காட்டினார்கள். 1970 பேஸ்பால் பருவத்தில் 18 ஆட்டக்காரர்களுக்குப் பந்தடிக்கக் கிடைத்த முதல் 45 வாய்ப்புகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரின் சராசரியையும் எல்லோருடைய பொதுச் சராசரியை நோக்கி இழுத்து வைத்தார்கள். மீதிப் பருவத்துக்கு அந்த இழுத்த எண்கள்தான் நெருக்கமாக வந்தன. 45 வாய்ப்புக்கே இவ்வளவு இழுக்க வேண்டும் என்றால் 5 கேட்சுக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று யோசியுங்கள்.

ஆகவே நியூ ஜெர்சி வாசகருக்கு என் பதில்: கெஜக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, குவார்ட்டர்பேக் அந்தப் பையனைத் தேடி எத்தனை முறை எறிந்தார் என்று குறித்துவையுங்கள். ஒரு நீளமான கேட்ச் அதிர்ஷ்டத்தில் வரலாம். ஆனால் எறிபவர் திரும்பத் திரும்ப இவரையே பார்க்கிறார் என்றால் அது தினமும் பயிற்சியில் பார்த்து வந்த நம்பிக்கை. நழுவிய பந்துகளை உங்கள் மச்சான் எண்ணட்டும். அடுத்த நான்கு ஆட்டங்களுக்கு இரண்டு பேரும் குறித்து எனக்கு அனுப்புங்கள்.