பால் பவுடரும் கிலுகிலுப்பையும்: கிங்ஸ்டனின் 129 குழந்தைகள்

ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், ஏழை மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளில் 1986-87ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. சாலி கிரந்தம்-மெக்கிரிகர், சூசன் வாக்கர், கிறிஸ்டின் பவல் ஆகியோரின் குழு 9 மாதம் முதல் 24 மாதம் வரை வயதுடைய, வயதுக்குரிய உயரத்தை எட்டாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துக் குலுக்கல் முறையில் நான்கு பிரிவுகளாகப் பிரித்தது. முதல் பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால் சார்ந்த சத்துணவுப் பொடி தரப்பட்டது. இரண்டாம் பிரிவுக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் சென்று, ஒரு மணி நேரம் தாயையும் குழந்தையையும் சேர்த்து உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினார். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன, நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. நோய்நொடி விசாரிக்கும் வாராந்தரச் சந்திப்பும் இலவச மருத்துவமும் எல்லாப் பிரிவினருக்கும் இருந்தன. ஆகவே, பின்னர் தெரிந்த வேறுபாடுகளை, ‘யாரோ ஒருவர் வந்து அக்கறையாகப் பேசியதால் வந்தவை’ என்று ஒதுக்கிவிட முடியாது.

வயதுக்குரிய உயரம் குன்றுவதை வளர்ச்சிக் குன்றல் என்கிறோம். உலக சுகாதார அமைப்பின் அளவுகோல்படி இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 87 சென்டிமீட்டர்; அது 81க்குக் கீழே இறங்கினால் குன்றல் எனக் கணக்கிடப்படுகிறது. உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஏறத்தாழ 15 கோடிக் குழந்தைகள் இந்நிலையில் உள்ளனர். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இவ்விகிதம் 35.5 விழுக்காடு, தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. போதிய உணவு இல்லாமை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. தூய்மையற்ற சூழலில் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுப்போக்கும் குடல் அழற்சியும், உண்ட உணவின் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. அதோடு, எலும்பு நீள்வதைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் அளவையும் அழற்சி குறைத்துவிடுகிறது.

மூளை விரைந்து வளர்வதும் இதே காலத்தில்தான். இரண்டு வயதுக்குள் அது வளர்ந்தவர் மூளையின் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் உறை படிவதற்கு இரும்புச்சத்தும், தைராய்டு சுரப்பு குறையாமலிருக்க அயோடினும் வேண்டும். ஆனால் சத்து என்பது கட்டுமானப் பொருள் மட்டுமே. இளம் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே தேவைக்கு மிகுதியான இணைப்புகள் முதலில் உருவாகின்றன. பேச்சைக் கேட்டு, பொருளைத் தொட்டு, தான் எழுப்பும் ஒலிக்கு மறுமொழி பெற்று, குழந்தை அடிக்கடி பயன்படுத்தும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை பெரும்பாலும் களையப்படுகின்றன.

இங்கே ஒரு தீய சுழற்சி உண்டு. சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்திருக்கும், தவழ்ந்து போய் எதையும் இழுத்துப் பார்க்காது, ஓயாமல் கேட்டு நச்சரிக்காது. வீட்டில் அதற்குச் சமர்த்துப் பிள்ளை என்ற பெயர்கூடக் கிடைத்துவிடும். உருவம் சிறிதாக இருப்பதால் பெரியவர்கள் அதன் வயதுக்குரிய பேச்சைப் பேசாமல், இன்னும் கைக்குழந்தையாகவே நடத்துவார்கள். குழந்தை கேட்பது குறையக் குறைய, அதற்குக் கிடைப்பதும் குறைகிறது. கிங்ஸ்டன் பணியாளர்கள் இந்தச் சுழற்சியைத்தான் இடைமறித்தார்கள். அவர்கள் கொண்டுசென்றவை பிளாஸ்டிக் புட்டியில் செய்த கிலுகிலுப்பை, அட்டையை வெட்டிச் செய்த புதிர்கள், துணிப் பொம்மை, கையால் வரைந்த படப் புத்தகம் போன்ற செலவில்லாத பொருள்கள். ஒரு வாரம் வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறொன்றை மாற்றித் தருவார்கள். பணியாளர் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை என்பதே இதில் நுட்பமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்து, அதையே பிடித்துக்கொண்டு பேச்சை வளர்க்கவும், சிறு வெற்றிக்கும் பாராட்டவும் தாய்க்கு அவர் பழக்கிக் காட்டினார். ஒரு மணி நேரம் முடிந்து அவர் போன பிறகும் அந்தப் பழக்கம் வாரம் முழுவதும் வீட்டில் இயங்கியது.

இரண்டாண்டு முடிவில் சத்துணவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் பெற்றவர்கள், ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட, குன்றல் இல்லாத குழந்தைகளை வளர்ச்சித் தேர்வுகளில் ஏறத்தாழ எட்டிப் பிடித்தனர். வியப்பு பின்னால் வந்தது. பள்ளிப் பருவத்தையும் கடந்து தொடர்ந்தபோது, சத்துணவு தந்த அறிவுத்திறன் ஆதாயம் மங்கிவிட்டது. விளையாட்டின் ஆதாயம் நிலைத்தது. 22 வயதில், விளையாட்டுப் பிரிவுகளில் இருந்தவர்களின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்ததைப் பொருளியலாளர்கள் பால் கெர்ட்லர், ஜேம்ஸ் ஹெக்மன் ஆகியோரின் குழு 2014இல் வெளியிட்டது. சண்டை, வன்முறைக் குற்றங்களில் அவர்களின் ஈடுபாடும் குறைவாகவே இருந்தது.

இதை வைத்து, உணவு தேவையில்லை என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. இக்குழந்தைகளுக்குச் சத்துணவு கிடைக்கத் தொடங்கியபோதே குறைந்தது ஒன்பது மாதம் கடந்திருந்தது. குன்றல் பல வேளைகளில் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. தாமதமாக வந்த உணவைப் பற்றித்தான் கிங்ஸ்டன் நமக்குச் சொல்கிறது, உணவைப் பற்றிப் பொதுவாக அன்று. மேலும் 129 என்பது சிறிய எண்ணிக்கை, பணியாளர்களும் நெருங்கிய கண்காணிப்பில் இருந்தவர்கள். கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் 1,420 குழந்தைகளிடம் இதே முறை அரசின் நலத்திட்ட அமைப்பு வழியாக நடத்தப்பட்டபோது அறிவுத்திறன் உயர்ந்தது உண்மைதான். ஆனால் உயர்வு கிங்ஸ்டன் அளவுக்கு இல்லை, திட்டம் முடிந்த இரண்டாண்டில் அதுவும் மறைந்துவிட்டது. பெரிதாக்கும்போது எது கரைகிறது என்பதே இத்துறையின் இன்றைய முதன்மையான கேள்வி.

இந்தியாவில் 1975 முதல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் உள்ளன. ஆயினும் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு அவை பெரும்பாலும் எடை பார்க்கும் இடமாகவும், வீட்டுக்கு எடுத்துச் செல்லும் சத்துமாவு கிடைக்கும் இடமாகவுமே இருந்து வருகின்றன. ஒரே பணியாளர் ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நடக்கிற காரியம் அன்று. ஒடிசாவின் 192 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு இந்தச் சிக்கலை நேராக எடுத்துக்கொண்டது. சில கிராமங்களில் வீட்டுச் சந்திப்பும், சிலவற்றில் தாய்மார்களும் குழந்தைகளும் ஒரே இடத்தில் கூடும் வாராந்தரக் குழு அமர்வும் நடத்தப்பட்டன. 2020இல் வெளியான முடிவின்படி இரு முறைகளிலும் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். குழு முறைக்கு ஆன செலவு வீட்டுச் சந்திப்புக்கு ஆனதைவிட மிகக் குறைவு.