16 மைக்ரோநொடிக்குள் ஒரு ஒப்புகை

அலையை வாங்கித் தந்துவிட்டு மீதி வேலையைக் கணினி நிரலிடம் விட்டுவிடும் மென்பொருள் வானொலிக் கருவி ஒன்றை வாங்கி எஃப்.எம். கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர், “இதே கருவியையும் மடிக்கணினியையும் வைத்து வைஃபை ரவுட்டர் செய்ய முடியாதா?” என்று கேட்கிறார்.

எஃப்.எம். கால் நொடி தாமதமாக வந்தாலும் பாட்டு பாட்டுதான். வைஃபைக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஒரு தரவுப் பொட்டலம் வந்து முடிந்தால், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 16 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இடைவெளி விட்டு ‘கிடைத்தது’ என்ற ஒப்புகை கிளம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் ஒளியே ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. ஒப்புகை வராவிட்டால், பொட்டலம் தொலைந்ததாகக் கருதி அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். கருவி வாங்கிய அலை யுஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போய்த் திரும்பவே இதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகிவிடும். கணினியின் செயலியை (பிராசசர்) எவ்வளவு வேகமாக்கினாலும் இந்தப் போக்குவரத்துத் தாமதம் போகாது.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒப்புகை என்பது வெறும் 14 பைட். அதில் புதிதாகத் தெரியவேண்டியது பெரும்பாலும் அனுப்பியவரின் முகவரி மட்டுமே. அதுவோ பொட்டலத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் 4 மைக்ரோநொடிக்கு 27 பைட் வருகிறது. 1,500 பைட் பொட்டலத்தின் தரவு வந்து முடிய 224 மைக்ரோநொடி ஆகும். முகவரியோ முதல் நான்கு மைக்ரோநொடியிலேயே வந்துவிடுகிறது. மீதி 220 மைக்ரோநொடியில் ஒப்புகையின் அலைவடிவத்தையே ஆயத்தமாக்கி வைத்துவிடலாம். கடைசி நான்கு பைட்டில் வரும் பிழைச் சோதனை சரியாக இருந்தால் அனுப்பு, தவறினால் அழித்துவிடு. முன்பு பதிவுத் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையில் விலாசம் ஏற்கெனவே எழுதியிருக்கும். நாம் கையெழுத்து மட்டும் போடுவோமே, அந்தக் கதைதான்.

2009-இல் மைக்ரோசாஃப்ட்டின் ஆசிய ஆய்வகம் ‘சோரா’ என்ற அமைப்பில் சாதாரணக் கணினியைக் கொண்டே இதைச் சாதித்தது. யுஎஸ்பியை விட்டுவிட்டு, கணினிக்குள்ளேயே செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைக்கு மாறினார்கள். செயலியின் சில கருக்களை (கோர்) வானொலி வேலைக்கென்றே ஒதுக்கினார்கள். ஆயத்தமான ஒப்புகையை அந்த அட்டையின் நினைவகத்திலேயே வைத்தார்கள். பெல்ஜியத்தில் உருவான ‘ஓப்பன்வைஃபை’ வேறு வழியில் போனது. அவசர வேலைகள் எல்லாம், உள் சுற்றையே நாம் விரும்பியபடி மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில், நிதானமானவை லினக்ஸில். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதி அதற்குக் கிடைத்தது. மூல நிரல் இன்று யாருக்கும் திறந்திருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வு இப்படித்தான் வெளிவர வேண்டும். நம் ஊரில் அது பல நேரம் அறிக்கையாகி அலமாரிக்குப் போய்விடுகிறது.

மாணவருக்கு ஒன்று: உங்களிடம் இருப்பது அலையை வாங்க மட்டுமே தெரிந்த மலிவான டாங்கிள் என்றால், அதிலிருந்து ஒப்புகை அனுப்பவே முடியாது. அனுப்பும் வசதியும், நீங்களே நிரல் ஏற்றக்கூடிய எஃப்பிஜிஏவும் உள்ள பலகையாகப் பாருங்கள்.