களனிக் கெண்டைக்குச் சிவப்புச் செட்டை, ஜின் கங்கைக் கெண்டைக்கு மஞ்சள்

கொழும்பில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் களனி கங்கைத் தண்ணீர்தான். அதே கங்கையோடு சேரும், மரநிழல் விழும் சிற்றோடைகளில், விரல் நீளம்கூட வராத ஒரு கெண்டை வாழ்கிறது. உடலில் இரண்டு கறுப்புப் பட்டைகள், செட்டை சிவப்பு. புண்டியஸ் ரேவல் என்ற பெயரில் 2008இல்தான் இதைத் தனி இனமாக விவரித்தார்கள்; இன்று பெத்தியா என்ற பேரினத்தில் சேர்த்து, பெத்தியா ரேவல் என்கிறார்கள். பெந்தோட்டை ஆறு முதல் ஜின் கங்கை வரை வாழும் உறவுமீன் பெத்தியா கமிங்கி. அதற்குச் செட்டை மஞ்சள். நிறம் வேறு, ஆறும் வேறு, ஆகவே இனமும் வேறு. சரி, இடையில் ஓடும் களு கங்கையில்? அங்கே செட்டை செம்மஞ்சள்! அப்படியானால் இவை உண்மையில் இரண்டு இனமா, ஒன்றா?

இந்த வழக்கைக் கண்ணால் தீர்க்க முடியாது. டி.என்.ஏ.யிடம் போகவேண்டும்.

அதற்கு மீனைக் கொல்லவேண்டும் என்றில்லை. செட்டை நுனியில் ஒரு துணுக்கை வெட்டி எத்தனோலில் போட்டால் போதும். ஆய்வுகூடத்தில் கலங்களை உடைத்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பார்கள். அப்புறம், கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அதே பி.சி.ஆர். முறையால் வேண்டிய பகுதியை மட்டும் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கி, அதன் எழுத்து வரிசையை வாசிப்பார்கள். இன அடையாளத்துக்கு வழக்கமாக எடுப்பது, கலத்துக்குச் சக்தி தரும் சிற்றுறுப்பான இழைமணியின் டி.என்.ஏ.யில் சுமார் 650 எழுத்துகள். இழைமணி டி.என்.ஏ. வேகமாக மாறுவதால், அண்மையில் பிரிந்த கூட்டங்களிலும் வித்தியாசம் தெரியும்.

ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது. இழைமணி தாய்வழியாக மட்டுமே வருவது. இரண்டு இனங்கள் கலந்து குஞ்சு பொரித்திருந்தால், தந்தை யாரென்று அது சொல்லாது. அதனால்தான் கலத்தின் கருவிலுள்ள மரபணுக்களையும் சேர்த்து வாசிக்கிறார்கள். இரண்டும் ஒரே வம்சமரத்தைக் காட்டினால் நிம்மதி. முரண்பட்டால்தான் சுவாரசியம்.

2021இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் ஐந்து பெத்தியா இனங்களையும் இப்படிப் பரிசோதித்தது. ரேவலும் கமிங்கியும் வம்சமரத்தில் தெளிவாக இரண்டு கிளைகளாகப் பிரியவில்லை. பிரிவு மிக அண்மையில் நடந்து, பழைய மரபணுக்கள் இருபுறமும் இன்னும் தங்கியிருக்கலாம். அல்லது இரண்டும் கலந்திருக்கலாம். ஒரே இனமாக்கிவிட அவசரப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொரு முடிவு. இலங்கையின் தென்மேற்கில் மழை மிகுந்த ஈரவலயத்துக் கெண்டைகளில் ஒரே இனத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் டி.என்.ஏ. நன்றாக வேறுபடுகிறது. உலர்வலயம், இடைவலயம் முழுக்கப் பரவியிருக்கும் பெத்தியா மெலனோமகுலாட்டாவில் அவ்வளவு வேறுபாடு இல்லை. காரணம் நிலம். ஈரவலயத்தில் மலைமுகடுகள் ஆறுகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. ஓடைமீன் முகட்டைத் தாண்டாது. உலர்வலயமோ பெரும்பாலும் சமதரை. இந்த மீன்களின் மூதாதைகளும் ஒரே தடவையில் வந்தவையல்ல. கடல்மட்டம் தாழ்ந்து பாக்கு நீரிணை தரையாகத் தெரிந்த காலங்களில், இந்தியாவிலிருந்து இரண்டு மூன்று தடவைகளில் வந்திருக்கவேண்டும் என்கிறது வம்சமரம்.

இதெல்லாம் எதற்கு என்றால், நல்ல மனதோடு ஓர் ஆற்று மீனைப் பிடித்து இன்னோர் ஆற்றில் விடுபவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பவை மரபணுவில் ஒன்றல்ல. கலந்தபின் பிரிக்கவும் முடியாது. மத்திய மலைநாட்டில் மனிதர் கொண்டுபோய் விட்ட ரேவல் கூட்டங்களின் டி.என்.ஏ.யைப் பார்த்தால், அவை ஒரே ஆற்றிலிருந்து போனவையாகத் தெரியவில்லை.