வைஃபை மாறினாலும் அறுந்துபோகாத டெர்மினல்

"வைஃபையில் இருக்கும்வரை போனிலிருந்து சர்வருக்குள் எஸ்எஸ்எச் நன்றாக ஓடுகிறது. வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறியதும் திரை உறைந்துபோகிறதே, ஏன்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைந்து, டெர்மினல் எனும் எழுத்துத் திரையில் கட்டளை தட்டும் வழி. அது ஓடுவது டிசிபி என்ற இணைய இணைப்பு முறையின் மேல். டிசிபி ஓர் இணைப்பை நான்கு எண்களை வைத்துத்தான் அடையாளம் காணும்: இரு பக்கத்து ஐபி முகவரிகள், இரு பக்கத்து போர்ட் எண்கள் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் கதவெண்கள்). டேட்டாவுக்குத் தாவியதும் போனின் ஐபி மாறிவிடுகிறது. நான்கில் ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. சர்வருக்கோ இது தெரியாது. பழைய முகவரிக்கே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து மோஷ் என்ற நிரல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கீத் வின்ஸ்டீனும் ஹரி பாலகிருஷ்ணனும் உருவாக்கி 2012-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. உள்ளே நுழைய மோஷும் எஸ்எஸ்எச்சைத்தான் பயன்படுத்துகிறது. நுழைந்ததும் சர்வரில் மோஷ்-சர்வர் என்ற நிரலைக் கிளப்பி, ஒரு யுடிபி போர்ட்டையும் 128 பிட் சாவி ஒன்றையும் வாங்கிக்கொண்டு எஸ்எஸ்எச் இணைப்பை மூடிவிடும். இனி எல்லாம் யுடிபி: டிசிபி போல நிலையான இணைப்பு வைக்காமல், தகவலைத் தனித்தனி பாக்கெட்டுகளாக அனுப்பும் முறை.

ஒவ்வொரு பாக்கெட்டும் அந்தச் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். ஏறிக்கொண்டே போகும் வரிசை எண் ஒன்றும் அதில் இருக்கும். சாவி பொருந்தி, இதுவரை வந்ததைவிட எண்ணும் பெரியதாக இருந்தால், அந்த பாக்கெட் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதுவே போனின் இப்போதைய முகவரி என்று சர்வர் எடுத்துக்கொள்கிறது. மறுபடி லாகின் கிடையாது. ஒரே ஒரு பாக்கெட் போய்ச் சேர்ந்தால் போதும்.

இதைவிட அழகு, தட்டும் எழுத்தை மோஷ் ஊகித்துக் காட்டும் விதம். எஸ்எஸ்எச்சில் நீங்கள் தட்டும் 'ஏ' சர்வருக்குப் போய்த் திரும்பி வந்தால்தான் திரையில் தெரியும். அரை நொடி தாமதமுள்ள நெட்வொர்க்கில் இது சித்திரவதை. மோஷ் அதை உடனே திரையில் போட்டுவிடுகிறது. தாமதம் கூடுதலாக இருந்தால் அடிக்கோடும் இடும். சர்வர் ஆமாம் என்றதும் கோடு மறையும். தவறென்றால் எழுத்து திருத்தப்படும்.

அப்படியானால் பாஸ்வேர்ட் தட்டும்போது அதுவும் திரையில் தெரியுமா? தெரியாது. என்டர் தட்டியதும் மோஷ் தன் ஊகங்களைப் புதிய தொகுதியாகத் தொடங்கி மறைத்தே வைத்திருக்கும். அத்தொகுதியில் ஓர் எழுத்தையாவது சர்வர் திருப்பிக் காட்டினால்தான் மற்றவை வெளியே வரும். பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் சர்வர் எதையும் காட்டாது, ஆகவே மோஷும் காட்டாது. இது பாஸ்வேர்ட் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. இந்த இடத்தை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அந்த 2012 ஆய்வில், 3ஜி நெட்வொர்க்கில் தட்டிய எழுத்து திரையில் தெரிய எஸ்எஸ்எச்சில் 503 மில்லிநொடியாக இருந்த இடைநிலைத் தாமதம் மோஷில் ஏறக்குறைய இல்லாமலே போனது.

எஸ்எஸ்எச்சும் 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்தான் பிறந்தது. உடனடி லாபம் கேட்காத ஆய்வுப் பணம் என்ன தரும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியில் மோஷை நிறுவலாம். சர்வரிலும் மோஷ் இருக்க வேண்டும். லாகின் ஆகியும் சர்வரிலிருந்து எதுவும் வரவில்லை என்ற செய்தி வந்து நின்றால், சர்வருக்கு வரும் பாக்கெட்டுகளை வடிகட்டும் ஃபயர்வாலைப் பாருங்கள்: 60000 முதல் 61000 வரை யுடிபி போர்ட்டுகள் திறந்திருக்க வேண்டும். கிளவுட் சர்வர் என்றால் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையிலும் திறக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மோஷ் கிளம்பவே மறுத்தால் இரு பக்கமும் லொகேல் (மொழி, எழுத்து அமைப்பு) யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள். பேட்டரி சேமிப்பு என்று போன் டெர்மக்ஸைக் கொன்றால் சாவியும் அதோடு போய்விடும். பழைய மோஷ்-சர்வரோடு மறுபடி ஒட்ட முடியாது. அதனால் மோஷுக்குள் டிமக்ஸை (இணைப்பு போனாலும் வேலையை சர்வரில் உயிரோடு வைத்திருக்கும் நிரல்) ஓட்டி, வேலையை அதற்குள் செய்யுங்கள். மோஷில் இல்லாத, மேலே உருட்டிப் பார்க்கும் வசதியும் டிமக்ஸில் கிடைக்கும்.

எஸ்எஸ்எச்சின் வழக்கமான 22-ம் போர்ட்டை மாற்றிவிட்டால் சர்வர் பத்திரம் என்பது மூடநம்பிக்கை. லாக் ஃபைலில் இரைச்சல் குறையும், அவ்வளவே. பாஸ்வேர்ட் லாகினை அணைத்துவிட்டு, போனுக்கென்று தனியாக ஓர் இடி25519 வகை எஸ்எஸ்எச் சாவி வைத்துக்கொள்ளுங்கள், அதைத் திறக்க ஒரு பாஸ்ஃப்ரேஸும் போடுங்கள். போன் தொலைந்தால், அனுமதிக்கப்பட்ட சாவிகளின் ஃபைலில் அந்த ஒரு வரியை அழித்துவிடலாம். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் மோஷ்-சர்வர் அந்த ஃபைலைப் பார்ப்பதே இல்லை, அதனிடம் இருப்பது அதன் சொந்தச் சாவி. அந்த ப்ராசஸையும் தேடிக் கொல்லும்வரை தொலைந்த போனுக்குக் கதவு திறந்தேதான் இருக்கும்.