மேஸ்: புதிர்நிலையா, புதிர்வழியா?

தருமபுரியில் பொறியியல் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் போன வாரம் வந்திருந்தார்கள். மைக்ரோமவுஸ் என்ற போட்டிக்குக் கையடக்க ரோபோ ஒன்று செய்கிறார்கள்; அந்த ரோபோவை எலி என்பார்கள். ரிமோட் கிடையாது, மேஸ் எனப்படும் சுவர்ப் பாதைக்குள் அதுவாகவே வழி கண்டுபிடித்து மையத்துக்குப் போக வேண்டும். "மேஸுக்குத் தமிழ்ல என்னண்ணா? தட்டியில புதிர்நிலைன்னு போட்டுட்டோம், சரிதானே?" என்றார்கள்.

புதிர்நிலை நம் பக்கத்தில் புழங்கும் சொல்தான். கம்பைநல்லூர் அருகே தரையில் கற்களை வரிசை வரிசையாக வைத்து, சுற்றிச் சுற்றி உள்ளே போகும் பழைய அமைப்பு ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கமும் உண்டு. ஏழு சுற்றுக் கோட்டை என்பார்கள். ஆனால் இந்த வகையில் வழி ஒன்றே ஒன்று. கிளை பிரியாது. எவ்வளவு வளைந்தாலும், நடந்துகொண்டே இருந்தால் நடு வந்துவிடும். இதற்குக் கிரேக்க மொழியிலிருந்து வந்த பெயர் லாபிரிந்த். இதில் ரோபோவை விட்டால் அதற்கு மூளையே வேண்டாம்.

மேஸ் வேறு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு முதலில் திகைப்பு, மருட்சி என்றே பொருள். 'அமேஸ்' அதன் உறவுதான். ஆளைத் திகைக்க வைக்கும் பாதைக்கு அப்புறம் பெயராயிற்று. கிளை வழிகளும் முட்டுச்சந்துகளும் இருந்தால்தான் மேஸ். சிறுவர் பக்கங்களில் 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று வருமே, அது.

மூளை வேண்டாத வழி, மூளை வேண்டும் வழி என்ற இந்த வேறுபாடு போட்டியின் வரலாற்றிலேயே இருக்கிறது. மைக்ரோமவுஸ் போட்டியை 1977-ல் மின், மின்னணுப் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ.யின் ஸ்பெக்ட்ரம் இதழ் அறிவித்தது; இறுதிச்சுற்று 1979-ல் நியூயார்க்கில். வெளியேறும் வாசல் ஓரத்தில் இருந்ததால், ஒரு பக்கச் சுவரை விடாமல் ஒட்டிக்கொண்டே போன எந்திரங்களும் கரை சேர்ந்தன. 1980-ல் லண்டனில் இலக்கை நடுவுக்கு மாற்றினார்கள். நடுவைச் சுற்றியுள்ள சுவர்கள் வெளிச்சுவரோடு சேராமல் தீவாக நின்றால், சுவர் பிடித்து நடப்பவன் கடைசிவரை வெளியேதான் சுற்றுவான்.

இன்றைய வழக்கமான களம் 16-க்கு 16 கட்டம், கட்டத்துக்கு 18 செ.மீ.; ஏறக்குறைய ஒன்பதரை அடிச் சதுரம். பையன்கள் எழுதியிருக்கும் நிரல் வெள்ள நிரப்பு முறை. நடுவில் தண்ணீர் ஊற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். அது ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை எட்டில் பரவுமோ, அதுவே அந்தக் கட்டத்தின் எண். எலி எப்போதும் சிறிய எண்ணை நோக்கி ஓடும். புதுச் சுவரைக் கண்டால் எண்களைத் திருத்திக்கொள்ளும். முதல் ஓட்டம் தேடுவதற்கு. திரும்பி வந்து, கற்ற வழியில் பறப்பதுதான் கணக்கு.

சக்கரவியூகம் என்று வைக்கலாமா என்றான் ஒருவன். அபிமன்னன் சண்டைக் கூத்தை விடிய விடிய பார்த்த ஊர்க்காரன், ஆசை இருக்காதா? ஆனால் அபிமன்யுவுக்கு உள்ளே போகத்தான் தெரியும். இந்த எலி வெளியேயும் வந்தாக வேண்டும்.

என் ஓட்டு புதிர்வழிக்கு. 'நிலை' நிற்கிறது, 'வழி' நடக்க விடுகிறது. அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். மைக்ரோமவுஸைச் சுண்டெலி ஆக்கத்தான் மனம் வரவில்லை, நடுவர்கள் சிரிப்பார்களாம். முட்டுச்சந்து மட்டும் நிரலுக்குள்ளேயே ஒரு மாறியின் பெயராக ஏறிவிட்டது.