ஓடையோரம் ஒரு நடை: வளைவும் சலசலப்பும்

புறநகர் வீடுகளுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே ஓடையை ஒட்டிப் போகும் பாதையில் குழந்தைகளோடு நடந்தால், சிறிது நேரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "இது ஏன் நேராப் போகாம வளைஞ்சு வளைஞ்சு போகுது?" ஐன்ஸ்டைனே 1926-இல் இதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். விளக்கத்தை ஒரு தேநீர்க் கோப்பையிலிருந்து தொடங்கினார்.

அடியில் தேயிலை கிடக்கும் கோப்பையைக் கரண்டியால் வேகமாகக் கலக்கிவிட்டு நிறுத்துங்கள். சுழலும் நீர் எதையும் ஓரத்துக்குத் தள்ளும் என்றுதான் நினைப்போம். ஆனால் தேயிலை அடியின் நடுவில் வந்து குவிகிறது. காரணம், மேலே உள்ள நீர் வேகமாகச் சுழன்று விளிம்பை நோக்கி ஒதுங்கி, அங்கே நீர்மட்டம் சற்று உயர்கிறது. அந்த உயரம் நீரை நடுவை நோக்கி அழுத்துகிறது. அடித்தளத்தை உரசிக்கொண்டு சுழலும் நீருக்கு வேகம் குறைவு. அந்த அழுத்தத்தை அதனால் எதிர்க்க முடிவதில்லை. எனவே மேல்நீர் வெளியே போய், விளிம்பில் கீழிறங்கி, அடிவழியே நடுவுக்குத் திரும்புகிறது. தேயிலையும் அதோடு வருகிறது.

ஓடையின் வளைவிலும் இதேதான். வளைவின் வெளிக்கரையில் மேல்நீர் வந்து மோதி, இறங்கி, மண்ணை அரிக்கிறது. அடிநீர் மணலைச் சுமந்துகொண்டு உட்கரைப் பக்கம் வருகிறது; அங்கே ஓட்டம் தளர, மணல் தங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு பக்கம் செங்குத்தாக அறுபட்ட கரையும் ஆழமான மடுவும், எதிர்ப்பக்கம் கால் நனைக்கத் தோதான மணல் திட்டும் இருக்கின்றன. அரிப்பு தொடரத் தொடர வளைவு இன்னும் வளைகிறது. ஒரு கல்லோ விழுந்த மரமோ நீரைக் கொஞ்சம் ஒதுக்கினால் போதும், இது தொடங்கிவிடும்.

வளைவுகளுக்கு ஓர் அளவும் உண்டு. ஒரே பக்கம் திரும்பும் அடுத்தடுத்த இரண்டு வளைவுகளுக்கு இடையிலான தூரம், ஓடையின் அகலத்தைப் போல ஏறத்தாழ 10 முதல் 14 மடங்கு. 3 மீட்டர் அகல ஓடையில் அது 30, 40 மீட்டர். குழந்தைகள் காலடி எண்ணியே பார்த்துவிடலாம். பெரிய நதிகளிலும் இதே விகிதம் பொதுவாகப் பொருந்துகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை. ஒரு காய்ந்த இலையை வளைவுக்கு முன்னால் நீரில் விட்டால், அது வெளிக்கரைப் பக்கமாக ஒதுங்குவதையும் கண்ணால் காணலாம்.

வளைவைத் தாண்டினால் நீர் ஆழம் குறைந்து கற்கள் மேல் ஓடும். சலசலப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதைத் தண்ணீரின் ஓசை என்கிறோம். ஆனால் அதில் பெரும்பகுதி காற்றின் ஓசை. நீர் கல்லில் மோதிப் புரளும்போது காற்றை உள்ளே இழுத்து அடைக்கிறது. அப்படிப் பிறந்த ஒவ்வொரு குமிழியும், தட்டிய மணி போல, ஒரு கணம் சுருங்கி விரிந்து அதிர்கிறது. 1933-இல் வானியலாளர் மார்செல் மின்னார்ட் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும், 6 மில்லிமீட்டர் குமிழி சுமார் 1,100 முறை. சிறியது கீச்சென்றும் பெரியது கனத்தும் ஒலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், சிறு கற்கள் மேல் ஓடும் இடத்தையும் ஒரு மடுவுக்குள் விழும் இடத்தையும் காதாலேயே பிரித்தறியலாம்.

அந்தப் புரளல் நீருக்குள் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. வெப்பமும் இதில் முக்கியம்: 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான். கரை மர நிழல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஓட்டமுள்ள இடத்தில் ஒரு கல்லை மெல்லப் புரட்டினால், அடியில் மேஃப்ளைப் பூச்சியின் இளம்பருவங்கள் ஒட்டியிருக்கலாம். காடிஸ் பூச்சியின் புழு, நீருக்குள்ளும் ஒட்டும் பட்டிழையால் மணலைக் கோத்து வீடு கட்டியிருக்கலாம். இவற்றில் பல வகைகள் ஆக்சிஜன் குறைந்தாலோ கழிவு கலந்தாலோ தாங்காது. பல வகைகள் சேர்ந்து இருந்தால் நீர் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். பார்த்த பின் கல்லை அதே பக்கமாகத் திருப்பி வையுங்கள்; அது அவற்றின் கூரை.

புறநகர் ஓடைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காட்டு மண்ணில் விழும் மழை ஊறி, தாமதித்து, பல நாள் கசிந்து ஓடைக்கு வரும். கூரையிலும் தார்ச் சாலையிலும் விழுந்தது வடிகால் வழியே சில நிமிடங்களில் வந்து சேரும். அதனால் சிறு மழைக்கே ஓடை சட்டென்று பெருகி, கரையை அறுத்து, அதே வேகத்தில் வடிந்தும் விடுகிறது. நீரின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலுக்குக் கீழே உள்ள நீரும் வேகமாக ஓடினால் பெரியவரையே சாய்த்துவிடும். மழை பெய்யும்போதும் பெய்து ஓய்ந்த உடனேயும் குழந்தைகளை ஓடையில் இறக்காதீர்கள்.

நீர் வடிந்த பின் கரையோரக் கிளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த புல்லும் சருகும் ஒரே மட்டத்தில் சிக்கித் தொங்கும். வெள்ளம் வந்தபோது ஓடை அந்த உயரத்தில் ஓடியது. குழந்தையை அதன் கீழ் நிற்கவைத்து, தலைக்கு மேல் இன்னும் எத்தனை முழம் என்று அளந்து பாருங்கள்.