குடம்புளி தொப்பையைக் கரைக்குமா?

மீன் குழம்பில் போடும் குடம்புளியை மாத்திரையாக விழுங்கினால் எடை குறையுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குறையாது. ஆனால் இந்த நம்பிக்கை வெறும் பாட்டி வைத்தியத்திலிருந்து வந்ததல்ல; இதற்குப் பின்னால் அசலான உயிர்வேதியியல் இருக்கிறது.

குடம்புளித் தோலின் முக்கியப் புளிப்பு ஹைட்ராக்ஸிசிட்ரிக் அமிலம். 1965இல் லூயிஸ், நீலகண்டன் என்ற ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள்.

சோறும் சர்க்கரையும் மிஞ்சினால் உடல் அதைக் கொழுப்பாக்குகிறது. அதற்கான மூலப்பொருள் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டைல் துண்டு. அது செல்லின் ஆற்றல் அறையான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் உருவாகிறது. கொழுப்புப் பட்டறையோ வெளியே. நடுவிலுள்ள சவ்வை அந்தத் துண்டால் தாண்ட முடியாது. செல் செய்யும் தந்திரம் அழகானது: நான்கு கார்பன் கொண்ட ஆக்சலோஅசிட்டேட்டோடு அதை ஒட்டி, ஆறு கார்பன் சிட்ரேட்டாக வெளியே அனுப்புகிறது. வெளியே வந்ததும் ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி ஆறை மறுபடி நான்காகவும் இரண்டாகவும் வெட்டுகிறது. பதினாறு கார்பன் கொண்ட ஒரு பால்மிட்டிக் அமிலத்துக்கு இப்படி எட்டு சிட்ரேட்டுகள் வெட்டுப்பட வேண்டும்.

குடம்புளி அமிலம் என்பது சிட்ரேட்டோடு கூடுதலாக ஒரே ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்கிறது, சிட்ரேட் வெளியே காத்துக் கிடக்கிறது. அந்த ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுகூட முக்கியம். சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டத்தில் இருப்பதும் அதே அணுக்களாலான அமிலம்தான். திசை மாறியிருப்பதால் இந்த நொதியிடம் அதன் பாச்சா அவ்வளவாகப் பலிப்பதில்லை.

எலிகளில் பலன் தெரிந்தது. மனிதரில்? 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான சோதனையில் 135 பேர், 12 வாரம், தினம் 1500 மில்லிகிராம். குடம்புளி அமிலம் எடுத்தவர்கள் சராசரியாக 3.2 கிலோ இழந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 4.1 கிலோ!

ஏன்? நம் கொழுப்பு செல்லில் சேருவதில் பெரும்பகுதி எண்ணெயாக, நெய்யாக, இறைச்சிக் கொழுப்பாக நாமே உள்ளே தள்ளியது. ரத்தத்தில் வரும் அந்தக் கொழுப்பை லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி செல் வாசலிலேயே உடைக்க, கொழுப்பு அமிலம் நேராக உள்ளே போய்விடும். சிட்ரேட் பாதையை அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அடைத்தது சந்து, வண்டிகள் போவதோ நெடுஞ்சாலையில். போதாததற்கு, சிட்ரேட் மிகுந்தால், நொதியைப் பிடிக்கும் போட்டியில் குடம்புளி அமிலத்தைத் தள்ளிவிடும். அசிட்டேட்டிலிருந்து அந்த இரண்டு கார்பன் துண்டைச் செய்ய வேறொரு நொதியும் இருக்கிறது.

டப்பாவில் ‘500 மி.கி. சாறு, 60%’ என்றிருந்தால் அமிலம் 300 மி.கி.தான். அந்தச் சோதனையின் அளவை எட்டவே தினம் ஐந்து மாத்திரை வேண்டும். இந்த மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. குழம்பில் இரண்டு சுளை போடுவதற்குப் பயப்பட வேண்டாம். ‘இயற்கை’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி டப்பா டப்பாவாக வாங்குவதுதான் எனக்கு எரிச்சல்.

அதே நொதியை அடைக்கும் பெம்பெடோயிக் அமிலம் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, ஆனால் கொலஸ்ட்ராலுக்கு. கொலஸ்ட்ராலும் அதே இரண்டு கார்பன் துண்டிலிருந்துதான் கட்டப்படுகிறது. அந்த மருந்தைச் செயல்பட வைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எடுத்துத் தசைவலியில் தவிப்பவர்களுக்கு அது ஒரு மாற்று.